மில்லிங் மெஷினுக்குத் தண்ணீர் இல்லாத காற்று: சிங்கப்பூர் பல் லேபுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

காலை எட்டு மணிக்கு லேபைத் திறந்ததும் நேராகப் பின்பக்க ஸ்டோர் ரூமுக்குத்தான் போவேன். அங்கே காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரெசர், அதன் டேங்கின் அடியில் ஒரு பித்தளை வால்வு. அதன் கீழே ஒரு பழைய மைலோ டின். வால்வைக் கால் திருப்புத் திருப்பினால் முதலில் ஒரு சீறல், அடுத்து எச்சில் தெறிப்பதுபோல நாலு துளி, பிறகு ஒழுகல். தண்ணீர் தெளிவாக இருந்தால் சரி. தேத்தண்ணி நிறத்தில் வந்தால் டேங்க் உள்ளே துருப்பிடிக்கிறது என்று அர்த்தம். டின்னில் எவ்வளவு நின்றது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான், செயற்கைப் பல்லைக் கடைந்தெடுக்கும் மெஷின் இருக்கும் மில்லிங் அறைப் பக்கம் தலைவைத்துப் பார்ப்பேன்.

இந்தப் பழக்கம் அடிபட்டு வந்தது. சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் நாங்கள் லேப் தொடங்கிய புதிதில், டிசம்பர் மழையில் ஒரு நாள், 12 யூனிட் ஸிர்கோனியா பிரிட்ஜ், அதாவது பன்னிரண்டு பல் சேர்ந்த பீங்கான் தொடர், மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் மாறுவதுபோல இருக்கிறதே என்று கதவைத் திறந்து பார்த்தேன். கோலமாவு மாதிரி பறக்க வேண்டிய தூள், அரைத்த இட்லி மாவுபோல டிஸ்க் விளிம்பில் அப்பிக் கிடந்தது. கடையும் முனையான 1 மில்லிமீட்டர் பர் ஒடிந்திருந்தது. பல்லோடு பொருந்தும் விளிம்பான மார்ஜின் மூன்று இடத்தில் பெயர்ந்திருந்தது. காற்று ஊதும் நாசில் முனையில் ஒரு துளி, விழவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. நாலு மாதம் கழித்து, பர்ரைச் சுழற்றும் ஸ்பிண்டிலும் கீச்சிட ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தபோது, பர்ரைப் பிடித்து நிறுத்தும் காலெட்டில் பழுப்புத் துரு.

கம்ப்ரெசரை விற்றவர்கள் "டிரையர் உள்ளேயே இருக்கிறது" என்று சொல்லியிருந்தார்கள். காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் கருவிதான் டிரையர். நம்பிவிட்டோம். பிறகு வந்து பார்த்த கம்ப்ரெசர் ஃபிட்டர் அண்ணன் ஒரே நிமிடத்தில் கேட்டார்: "தம்பி, டிரையர் எங்கப்பா?"

"இதுதானே அண்ணே?"

"இது வாட்டர் டிராப். துளியாத் தண்ணி வந்தாப் பிடிக்கும். ஆவியா வந்தா இது என்ன செய்யும்?" ஏணி போட்டு ஏறி, சீலிங் பலகையை நகர்த்தி, ஏர்கான் அறைக்கு மேலே போகும் குழாயைத் தொட்டுப் பார்த்தார். "ஜில்லுன்னு இருக்கு பாரு. இங்கதான் உனக்கு மழை பெய்யுது."

இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான். வெப்பமான ஸ்டோர் ரூமில் கம்ப்ரெசர், 21 டிகிரி ஏர்கானில் மெஷின், இரண்டுக்கும் நடுவே ஒரு குழாய். சிங்கப்பூரில் பெரும்பாலான லேபுகளின் அமைப்பு இதுதான். காற்று குளிருக்குள் நுழையும் முன்பே காய்ந்திருக்க வேண்டும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது: ஒரு சின்னக் கணக்கு

நம் ஊர்க் காலைநேரக் காற்று 27 டிகிரி, 90 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். விடிகாலையில் இது சாதாரணம். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 23 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. மெஷின் நிமிடத்துக்கு 50 லிட்டர் எடுக்கிறது, நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடுகிறது என்றால் மொத்தம் 30 கன மீட்டர். அதில் இருக்கும் தண்ணீர் சுமார் 700 மில்லி.

7 பார் அழுத்தத்தில், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 7 பாரில், எட்டுப் பங்கு காற்று ஒரு பங்கு இடத்துக்குள் அடைகிறது. ஆனால் ஒரு கன மீட்டர் இடம் எவ்வளவு ஆவியைத் தாங்கும் என்பதை வெப்பநிலைதான் முடிவு செய்கிறது, அழுத்தம் அல்ல. எனவே டேங்க் 35 டிகிரிக்கு ஆறும்போது அந்த 700 மில்லியில் சுமார் 550 டேங்கிலேயே தண்ணீராக விழுந்துவிடும். மைலோ டின்னுக்கு வருவது இதுதான். மீதி 150 மில்லி ஆவியாகவே குழாயில் போகிறது. குழாய் 21 டிகிரி அறைக்குள் நுழைந்ததும் அதில் 70 மில்லி மட்டுமே ஆவியாக நிற்க முடியும். மிச்சம் 80 மில்லி குழாய்க்குள்ளேயே துளியாகிறது. தினமும் ஒரு சின்னக் கிளாஸ் கோப்பி அளவு தண்ணீர், டேங்கைத் தாண்டிய பிறகு, மெஷினை நோக்கிப் போகிறது.

டேங்கைத் தவறாமல் வடித்தும் மெஷினில் தண்ணீர் வருகிறதே என்று குழம்புகிறவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு சொல் தேவைப்படும்: அழுத்தப் பனிநிலை. கடைக்காரர்கள் பிரஷர் டியூ பாயின்ட் என்பார்கள். அழுத்தத்தில் இருக்கும் காற்றை எந்த வெப்பநிலைக்குக் குளிர்வித்தால் துளி உருவாகுமோ, அதுதான். டிரையர் போட்டு இது 3 டிகிரிக்கு இறங்கிவிட்டால், 21 டிகிரிக் குழாயில் துளி உருவாக வழியே இல்லை.

படி 1: மெஷின் கையேட்டைப் படியுங்கள்

மூன்று விவரங்கள் வேண்டும். எத்தனை பார் அழுத்தம், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், காற்றின் தரம். தரத்தைப் பெரும்பாலும் ஐஎஸ்ஓ 8573-1 என்ற தர அளவுகோலின்படி 3:4:3 என்பதுபோல மூன்று எண்களில் சொல்லியிருப்பார்கள். முதல் எண் தூசி, நடு எண் தண்ணீர், கடைசி எண் எண்ணெய். நமக்கு முக்கியம் நடு எண். 4 என்றால் அழுத்தப் பனிநிலை 3 டிகிரி அல்லது அதற்குக் கீழே, 3 என்றால் மைனஸ் 20, 2 என்றால் மைனஸ் 40. எண்ணெய்க்கு 3 என்றால் கன மீட்டருக்கு 1 மில்லிகிராம் வரை, 2 என்றால் 0.1, 1 என்றால் 0.01.

காற்று எதற்குப் பயன்படுகிறது என்பதையும் பாருங்கள். சில மெஷின்களில் தூள் ஊதுவதற்கு மட்டும். பலவற்றில் காலெட்டைத் திறந்து மூடுவதும், ஸ்பிண்டில் பேரிங்குக்குள் தூள் புகாமல் காற்றாலேயே அடைத்து நிற்பதும் இதே காற்றுதான். நிமிடத்துக்கு 60,000 சுற்று சுற்றும் பேரிங்குக்குப் பக்கத்தில் தண்ணீர் போனால் கிரீஸ் கழுவிக்கொண்டு போகும், துரு பிடிக்கும். காலெட் துருப்பிடித்தால் பர் நேராக நிற்காது, லேசாக ஆடும். அந்த ஆட்டம் கிரௌன் மார்ஜினில் தெரியும், நாம் ஸ்கேனரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

படி 2: கம்ப்ரெசர் அளவு

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் லிட்டர் பெரும்பாலும் பிஸ்டன் உறிஞ்சும் அளவு. அழுத்தத்தில் உண்மையில் வெளியே வருவது அதைவிடக் கணிசமாகக் குறைவு. "7 பாரில் எவ்வளவு தரும்?" என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். மெஷின் தேவையைப்போல இரண்டு மடங்கு இருந்தால் கம்ப்ரெசர் பாதி நேரம் ஓடி, பாதி நேரம் ஆறும். ஆறாத கம்ப்ரெசர் சூடான காற்றைத் தள்ளும், சூடான காற்று அதிக ஆவியைச் சுமக்கும், டிரையர் திணறும்.

எண்ணெய் இல்லாத வகையையே வாங்குங்கள். எண்ணெய் வகை மலிவு, சத்தமும் குறைவு என்பார்கள். ஆனால் அந்த எண்ணெய்ப் புகை டிரையரின் ஜவ்வையும் உறிஞ்சு மணிகளையும் (இவை படி 4-இல் வரும்) கெடுக்கும். வடிகிற தண்ணீரிலும் எண்ணெய் கலந்திருக்கும். அதை மழைநீர்க் கால்வாயில் ஊற்றக்கூடாது. நம் கால்வாய் நீரில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, அங்கிருந்து நம் வீட்டுக் குழாய்க்கு வருகிறது.

அழுத்த டேங்குக்கு மனிதவள அமைச்சின் விதிகள் உண்டு. விதிக்கு உட்பட்ட டேங்கைப் பதிவு செய்ய வேண்டும், அங்கீகாரம் பெற்ற சோதனையாளர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். உங்கள் டேங்க் அதில் வருமா என்பதை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

படி 3: ஸ்டோர் ரூம் மூச்சு விடட்டும்

எங்கள் லேபில் அதிகப் பலன் கொடுத்த மாற்றம் 200 வெள்ளிக்கும் குறைவான ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். கதவு மூடிய அறையில் கம்ப்ரெசரும் டிரையரும் சேர்ந்து சூட்டைக் கக்கினால் மதியத்துக்குள் 40 டிகிரி தாண்டிவிடும். குளிரூட்டும் டிரையர் என்பது ஒரு சின்ன ஃபிரிட்ஜ்தான். அடுப்படியில் வைத்த ஃபிரிட்ஜ் எப்படி வேலை செய்யும்?

டிரையர் விவரத்தாளில் போட்டிருக்கும் கொள்ளளவு, பல நேரம் உள்ளே வரும் காற்று 35 டிகிரி, சுற்றுப்புறம் 25 டிகிரி என்ற கணக்கில் எழுதியது. நம் ஸ்டோர் ரூம் எந்தக் காலத்தில் 25 டிகிரியில் இருந்தது? திருத்தக் காரணி அட்டவணையைக் கேட்டு வாங்கி, 38 அல்லது 40 டிகிரிக்குக் கணக்குப் போடச் சொல்லுங்கள். அட்டவணை இல்லை என்கிறவரிடம் வாங்காதீர்கள்.

சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அட்டைப்பெட்டி, பிளாஸ்டர் மூட்டைகளை மேலே அடுக்காதீர்கள். பிளாஸ்டர் தூள் கம்ப்ரெசரின் மூக்கை அடைத்துவிடும்.

படி 4: டிரையரைத் தேர்ந்தெடுப்பது

மூன்று வகை உண்டு.

ஜவ்வு வகை பல் மருத்துவக் கம்ப்ரெசர்களில் உள்ளேயே பொருத்தி வரும். மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை. பெரும்பாலும் டேங்குக்கு முன்னால் இருப்பதால் டேங்கும் காய்ந்தே இருக்கும், இது பெரிய நன்மை. ஆனால் இது ஒரு நிலையான பனிநிலையைத் தராது. உள்ளே வரும் காற்றின் ஈரத்திலிருந்து இவ்வளவு குறைக்கும் என்றுதான் சொல்லும். வரும் காற்று கொதித்தால் போகும் காற்றும் அதற்கேற்ற ஈரத்தோடு போகும். ஜவ்வைக் காயவைக்கவே கொஞ்சம் காற்று செலவாகும், அதையும் கம்ப்ரெசர் கணக்கில் சேருங்கள்.

குளிரூட்டும் வகை காற்றை 3 டிகிரி வரை குளிர்வித்துத் தண்ணீரைப் பிரிக்கும். இரண்டு, மூன்று மெஷின் வைத்திருக்கும் லேபுக்கு என் தேர்வு இதுதான். எளிமையானது, பராமரிப்பு குறைவு, நடு எண் 4 கேட்கும் மெஷினுக்குப் போதும். மேலே போட்ட கணக்கில், 30 கன மீட்டரில் 22 கிராம் ஆவி மட்டுமே மிஞ்சும், அதுவும் 21 டிகிரி அறையில் துளியாகாது. தினமும் காலையில் காற்றை விடுவதற்குக் கால்மணி நேரம் முன்பே இதை ஆன் செய்து குளிரவிட வேண்டும். இதை மறப்பவர்கள்தான் "டிரையர் இருந்தும் தண்ணீர் வருகிறது" என்று புலம்புவார்கள்.

உறிஞ்சு மணி வகையில் இரட்டைத் தூண்கள் இருக்கும். ஒன்று உறிஞ்சும்போது மற்றது காயும். மைனஸ் 40 வரை போகும். சூடேற்றாத வகையில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதக் காற்று மணிகளைக் காயவைக்கவே போய்விடும். கையேடு நடு எண் 3 அல்லது 2 கேட்டால் மட்டும் இதற்குச் செலவழியுங்கள். "இருப்பதிலேயே உலர்ந்தது நல்லதுதானே" என்று விற்பனையாளர் சொல்வார். ஸிர்கோனியாத் தூளுக்கு மைனஸ் 40 தேவையில்லை. தூளைப் பசையாக்குவது துளி.

படி 5: வரிசை

விலையுயர்ந்த டிரையரைத் தவறான வரிசையில் வைத்தால் காசு வீண். எங்களுடையது இப்படி: கம்ப்ரெசர், ஆஃப்டர்கூலர் (சூடான காற்றை ஆறவைப்பது), டேங்க், நீர் பிரிப்பான், 1 மைக்ரான் ஃபில்டர், குளிரூட்டும் டிரையர், 0.01 மைக்ரான் எண்ணெய் ஃபில்டர், அதன் பிறகுதான் குழாய் சுவரைத் தாண்டி ஏர்கான் அறைக்குள் போகிறது. முன்பு எங்கள் ஃபில்டர்கள் எல்லாம் மெஷினுக்குப் பக்கத்தில், குளிர்ந்த அறையில் இருந்தன. தண்ணீர் குழாயில் உருவாகித் தேங்கிய பிறகு பிடித்துக்கொண்டிருந்தோம். வீடு முழுக்க ஒழுகவிட்டு வாசலில் வாளி வைத்த கதை.

ஒவ்வொரு ஃபில்டரின் அடியிலும் ஒரு டிரைன் இருக்கும். மிதவை வகை ஆட்டோ டிரைன் மலிவு, ஆனால் துருத்தூள் ஒன்று சிக்கினால் மூடியே இருந்துவிடும், அல்லது திறந்தே கிடந்து இரவெல்லாம் காற்றை விடும். டேங்குக்காவது நீர்மட்டம் உணரும் மின்டிரைன் போடுங்கள். எது போட்டாலும் வாரத்துக்கு ஒருமுறை கையால் சோதித்துப் பாருங்கள். அதற்குத்தான் மைலோ டின்.

படி 6: குழாய்

பழைய கல்வனைஸ் குழாய் வேண்டாம், உள்ளே செதில் செதிலாக உரியும். தண்ணீருக்குப் போடும் பிவிசி குழாய் கூடவே கூடாது. அழுத்தக் காற்றில் அது வெடித்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும், ஆளைக் காயப்படுத்தும். அலுமினியம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். கடைசி இரண்டு மீட்டருக்குப் பாலியூரித்தேன் டியூப் போதும்.

முதன்மைக் குழாய் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிந்து போகட்டும். அதன் கடைக்கோடியில் ஒரு சாண் நீளத்துக்குக் கீழ்நோக்கி ஒரு துண்டும், அதில் ஒரு வால்வும். மெஷினுக்குப் போகும் கிளையைக் குழாயின் மேல்பக்கத்திலிருந்து எடுத்து வளைத்து இறக்குங்கள். அடியிலிருந்து எடுத்தால் என்றாவது டிரையர் பழுதாகும் நாளில் தண்ணீர் நேராக ஸ்பிண்டிலுக்கே வரும். குழாய் ஏர்கான் காற்று அடிக்கும் வாய்க்கு நேர் எதிரே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு அடி தூரம் அறையைவிட இன்னும் குளிர்ந்திருக்கும்.

படி 7: மெஷின் பக்கத்தில்

ஒரு ஃபில்டர் ரெகுலேட்டர், கண்ணாடிபோலத் தெரியும் கிண்ணத்தோடு. இது தண்ணீர் பிடிப்பதற்கு அல்ல, நமக்குக் காட்டிக்கொடுப்பதற்கு. இந்தக் கிண்ணம் என்றும் காய்ந்தே இருக்க வேண்டும். அதில் ஒரு துளி கண்டாலும் ஓடும் வேலை முடிந்ததும் மெஷினை நிறுத்தி, பின்னோக்கிப் போய்க் காரணத்தைத் தேடுங்கள். கிண்ணத்தை ஆல்கஹால், தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள். பாலிகார்பனேட் விரிசல் விட்டு அழுத்தத்தில் உடையும். மெல்லிய சோப்புத் தண்ணீரும் துணியும் போதும். அழுத்தத்தைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு வையுங்கள், "கொஞ்சம் கூட வைத்தால் நன்றாக ஊதும்" என்ற ஆசை வேண்டாம்.

படி 8: சோதித்துப் பார்ப்பது

வெள்ளை டிஷ்யூவை நாசிலிலிருந்து ஒரு விரல் தூரத்தில் பிடித்து ஒரு நிமிடம் ஊதவிடுங்கள். ஈரப் புள்ளி, மஞ்சள் கறை எதுவும் விழக்கூடாது. இது முரட்டுச் சோதனை. துளியைக் காட்டும், ஆவியைக் காட்டாது.

ஒரு படி மேலே போக வேண்டுமென்றால் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் இருக்கும் சின்னக் காட்டியை டிரையருக்குப் பின்னால் பொருத்துங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் பழைய வகையில் கோபால்ட் குளோரைடு உண்டு, அது உடம்புக்கு ஆகாது. ஆரஞ்சு வகையை வாங்குங்கள். துல்லியம் வேண்டுமென்றால் பனிநிலை மீட்டர். சர்வீஸ் ஆட்கள் சிலர் கொண்டுவருவார்கள். வருடத்துக்கு ஒருமுறை, மதியம் மூன்று மணிக்கு, எல்லா மெஷினும் ஓடும்போது அளக்கச் சொல்லுங்கள். காலை ஒன்பது மணிக்கு, டேங்க் ஆறியிருக்கும்போது அளந்தால் எந்த டிரையரும் பாஸாகிவிடும்.

தினசரி ஒழுங்கு

டிரையரை ஆன் செய்து கால்மணி நேரம் காத்திருங்கள். அதற்குள் டேங்கை வடித்து அளவை எழுதிவிடலாம். பிறகு கம்ப்ரெசர், பிறகு முதன்மை வால்வு, டிஷ்யூ சோதனை, கடைசியாக மெஷின். மாலையில் எதிர்வரிசை. ஸ்பிண்டில் முழுதாக நின்ற பிறகே காற்றை மூடுங்கள்.

எழுதும் எண் சும்மா இல்லை. வழக்கமாக அரை லிட்டர் வரும் டேங்கிலிருந்து ஒரு வாரமாக 200 மில்லிதான் வருகிறது, ஊரிலோ நல்ல மழை என்றால், ஒன்று டிரைன் அடைத்திருக்கிறது, அல்லது டேங்க் ஆறாமல் தண்ணீர் ஆவியாகவே முன்னால் போகிறது. இரண்டு முறை இந்த நோட்டுதான் எங்களை எச்சரித்தது.

ஃபில்டர் உள்ளீடுகளை ஆண்டுக்கு ஒருமுறை, அழுக்காகத் தெரியாவிட்டாலும், மாற்றுங்கள். டிரையரின் கண்டென்சர் பின்னலில் படியும் தூசியை மாதம் ஒருமுறை பிரஷால் தட்டுங்கள்.

குழாயில் வராத தண்ணீரும் உண்டு. இரவு ஏர்கானை அணைத்துவிட்டுப் போகும் லேபுகளில் மெஷினின் இரும்பு உடல் குளிர்ந்தே இருக்கும். வெளிக்காற்று உள்ளே வந்ததும் மேலே வியர்க்கும், ஐஸ் போட்ட கிளாஸ் மாதிரி. ஏர்கானை அணைப்பதற்கு முன் மெஷின் கதவை மூடிவிடுங்கள், ஸிர்கோனியா டிஸ்க்குகளைப் பெட்டியில் போட்டுவிடுங்கள். தண்ணீரில் குளிரும் ஸ்பிண்டில் என்றால், அந்தத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியின் வெப்பநிலையை அறையின் பனிநிலைக்கும் கீழே வைக்காதீர்கள். 22 டிகிரி, 60 சதவீத ஈரப்பத அறையில் அது சுமார் 14 டிகிரி.

நீண்ட விடுமுறைக்கு முன்னும் பின்னும்

சீனப் புத்தாண்டுக்கு நாலைந்து நாள் மூடுவோம். மூடும் மாலை மெஷின் பக்க வால்வை அடைத்து, டேங்கை முழுதாகக் காலிசெய்து, அடி வால்வைத் திறந்தே விட்டுப் போகிறோம். அழுத்தத்தோடு தேங்கிய தண்ணீர் அத்தனை நாள் டேங்கை அரிக்க வேண்டாமே. திரும்பி வந்த காலை டிரையரும் கம்ப்ரெசரும் மெஷின் இல்லாமல் அரைமணி நேரம் ஓட வேண்டும். குழாயின் கடைக்கோடி வால்வைத் திறந்து வெறும் காற்று வருகிறதா என்று பார்த்துவிட்டு, முதல் டிஸ்க்காக விலைகுறைந்த பிஎம்எம்ஏ பிளாஸ்டிக்கைப் போட்டு ஒரு டெம்பரரி கிரௌன் ஓட்டுவோம். அதன் தூள் உதிரியாக வந்தால் ஸிர்கோனியாவை எடுப்போம். ஒட்டிக்கொண்டு வந்தால் அண்ணனுக்குப் போன்.